ஏர்எக்ஸ் பேலன்ஸ் பேட்: எட்டி எடுக்கும் பயிற்சிக்கு ஏற்றதா?

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுப்பது கையின் வேலை என்று தோன்றும். ஆனால் கை அசைவதற்கு முன்பே கால் தயாராகிவிடுகிறது. கையைச் சட்டென்று முன்னால் நீட்டப் போகும்போது முதலில் கெண்டைக்கால் தசை தளரும். தொடையின் பின்தசையும் முதுகுத் தசையும் இறுகும். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ உள்ளவர் கையை நீட்டினால் 3 கிலோ முன்னால் போகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்த முன்னேற்பாடு. பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பிந்திப்போவதுண்டு.

இதைப் பழக்க சுவிஸ் நிறுவனமான ஏர்எக்ஸின் பேலன்ஸ் பேட், அதாவது ஏறி நிற்பதற்கான மெத்தென்ற நுரைத் திண்டு, நல்ல கருவி. 50 செ.மீ. நீளம், 41 செ.மீ. அகலம், 6 செ.மீ. தடிமன், இரண்டு பாதங்களுக்கும் தாராளம். கால்விரலை ஊன்றினால் அந்த இடம் அமுங்கிவிடும். கணுக்கால் மட்டும் உடலைத் தாங்கிப்பிடிக்க முடியாமல் இடுப்பும் சேர்ந்து உழைக்கும். இதன் பலனே அதுதான்.

விலை அதிகம்தான். அதற்காக மெத்தைக் கடையில் ஸ்பாஞ்சு வெட்டி வாங்காதீர்கள். கனமானவர் ஏறினால் குதிகாலடியில் அது முழுக்க அமுங்கிவிடும். பிறகு வெறுந்தரையில் நிற்பதும் அதில் நிற்பதும் ஒன்றுதான். எந்த பேட் வாங்கினாலும் ஒற்றைக்காலில் ஏறிப் பாருங்கள்: குதிகாலுக்குக் கீழே இன்னும் அமுங்க இடம் மிச்சமிருக்க வேண்டும். ஏர்எக்ஸ் வியர்வையை உறிஞ்சாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பேடில் ஏற்றுமுன், எவ்வளவு தூரம் எட்ட முடிகிறது என்று தரையிலேயே அளந்துவிடுங்கள். 1990இல் பிசியோதெரபிஸ்ட் பமேலா டங்கன் குழுவினர் வெளியிட்ட முறை எளிது. சுவரில் தோள் உயரத்தில் அளவுநாடாவை ஒட்டி, சுவரில் படாமல் பக்கவாட்டில் நின்று, விரல்களை மடக்கிக் கையை முன்னால் நேராக நீட்டி, முஷ்டி இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். அடியெடுத்து வைக்காமல் முடிந்தவரை முன்னால் சாய்ந்தபின் மறுபடி குறித்தால் வித்தியாசம் கிடைக்கும். முதியவர்களில் 25 செ.மீ.க்கு மேல் என்றால் நல்லது. 15க்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடுதல், அவர்களுக்கு இந்த பேட் இப்போது வேண்டாம். உடம்பைத் திருப்பினாலோ குதிகாலைத் தூக்கினாலோ கணக்கு பொய்யாகக் கூடும்.

பேடைச் சுவர் மூலையில் போட்டு, முதுகு மூலையைப் பார்க்க நிற்க வேண்டும். முன்னால் கனமான நாற்காலி ஒன்று. வெறுங்காலோடு, நெஞ்சு உயரத்தில் எட்டுவதில் தொடங்கி, தோள் உயரம், பிறகு உடலின் குறுக்கே எதிர்ப்பக்கம் என்று போகலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை. தடுமாறாமல் வந்தபின் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள்.

சறுக்கல் பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான். 6 செ.மீ. மெத்தென்ற படி அது. டைல்ஸ் தரையில் தூசியோ ஈரமோ இருந்தால் பேடே நகர்ந்துவிடும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குத் தரையிலிருந்து வரும் உணர்வு ஏற்கெனவே குறைவு, பேட் அதையும் மங்கச்செய்யும். அவர்கள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏறட்டும்.