சப்வூஃபரா, பெரிய ஸ்பீக்கரா?

சின்ன ஸ்பீக்கரில் பேஸ் (ஆழமான அடித்தொனி) போதவில்லை. பேஸுக்கென்றே உள்ள தனிப்பெட்டியான சப்வூஃபரைச் சேர்ப்பதா, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கருக்கு மாறுவதா?

ஆழம்: நல்ல டவர் 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்) வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான், அதனால் பாட்டுக்கு அது தாராளம். படத்தில் வரும் இடி, வெடிச்சத்தம் 20, 30 ஹெர்ட்ஸுக்குப் போகும். அங்கே நல்ல சப்வூஃபர்தான் ஈடுகொடுக்கும்.

இடம்: என்னைக் கேட்டால் முடிவு இங்கேதான். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். சுவரில் மோதித் திரும்பி, அறையின் ஓரிடத்தில் பொங்கும், இன்னோரிடத்தில் காணாமலே போகும். டவரை ஸ்டீரியோ சரியாக அமையும் இடத்தில்தான் வைத்தாக வேண்டும். சப்வூஃபருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபாவில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடமே பெட்டிக்கு உரிய இடம்.

செலவு: பெரும்பாலான சப்வூஃபரில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும், அதற்கெனத் தனியாக வாங்க வேண்டாம்; பழைய ஸ்பீக்கரும் கூடவே ஓடும். டவர் வாங்கினால் பழைய ஜோடி சும்மா கிடக்கும்.

எளிமை: டவருக்கு ஒயர் மாட்டினால் வேலை முடிந்தது. சப்வூஃபருக்கு கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை; 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம்), ஃபேஸ் (அதன் அலையை மற்ற ஸ்பீக்கரின் அலையோடு ஒத்துப்போகச் செய்வது), வால்யூம் மூன்றையும் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். வால்யூம் கூடினால் மிருதங்கத்தின் தொப்பி கூட வெறும் 'தும் தும்' ஆகிவிடும்.

பெரிய ஹால், பாட்டு மட்டும், திருகுவதில் ஆர்வமில்லை என்றால் டவர் வாங்குங்கள். படமும் பார்ப்பீர்கள், அறை சின்னது, கீழ்வீட்டுக்காரருக்காக இரவில் பேஸைக் குறைக்க வேண்டும் என்றால் சப்வூஃபர்.