எடை இறங்காமல் நிற்கிறதா? குறைப்பது, கூட்டுவது, கொஞ்சம் நிறுத்தி வைப்பது: எது எப்போது?

முதல் சில வாரங்களில் மளமளவென்று இறங்கிய எடை, திடீரென்று ஒரே எண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு வழி கிடைக்கும். சாப்பாட்டை இன்னும் குறை என்பார் ஒருவர். ஓடு என்பார் இன்னொருவர். ஒரு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் முடுக்கிவிடும் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்ப்பவர்களும் உண்டு. அப்புறம் எது உதவியது, எது கெடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் அதன் எதிராளியோடு நிறுத்திப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நின்றது எடையா, கொழுப்பா?

உடம்பு கையிருப்பாகச் சேர்த்து வைக்கும் சர்க்கரைக்குக் கிளைகோஜன் என்று பேர். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். டயட் தொடங்கியதும் அந்தக் கையிருப்பு கரைந்து தண்ணீரும் சேர்ந்து போகிறது. முதல் வார மளமளப்பில் பெரும்பங்கு இதுதான். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். முந்தைய இரவு உப்பு தூக்கலான சாப்பாடு, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் வந்த தசைவலி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என ஏதோ ஒன்று போதும், ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறிவிடும். உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டே இருந்தாலும் மெஷின் அதைச் சொல்லாது.

அதனால் தினமும் காலையில், கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். ஆனால் அன்றைய எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் சரியாக இருக்கும். கூடவே தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நான்கு வாரமாகச் சராசரியும் அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால்தான் இது தேக்கம். பத்து நாள் நின்றதற்குப் பேர் தேக்கம் இல்லை.

ஏன் நிற்கிறது?

ஒருவர் தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டு 10 கிலோ இறக்கினார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் தினச் செலவு ஏறத்தாழ 20 முதல் 30 கலோரி குறையும். சுமக்க வேண்டிய உடம்பே சிறியதாகிவிட்டதால் வரும் குறைவு இதில் பெரும்பகுதி. மிச்சம், உடம்பு தானாகப் பிடிக்கும் சிக்கனம். ஆக 10 கிலோவுக்கு 200, 300 கலோரி போய்விட்டது. 500 ஆக இருந்த இடைவெளி இப்போது 200 வரைகூடச் சுருங்கியிருக்கலாம். வாரத்துக்கு 1,400. வார இறுதியில் வெளியே இரண்டு வேளை தாராளமாகச் சாப்பிட்டால் அதுவும் காலி. இதற்கிடையில் பசியும் கூடியிருக்கும். எடை குறையக் குறையக் கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்து, மூளை 'சாப்பிடு' என்று நச்சரிக்கத் தொடங்கும். இதில் மன உறுதிக்கும் சோம்பலுக்கும் பெரிய பங்கில்லை.

இன்னும் குறைப்பதா, மறுபடி அளப்பதா?

பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது தட்டில்தான். என் பார்வையில் அது கடைசியில் வர வேண்டிய வழி.

1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பு செலவழித்த கலோரியில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நினைக்க வேண்டாம். கண்ணால் அளப்பதன் லட்சணமே அவ்வளவுதான்.

வீட்டில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். தொடக்கத்தில் எண்ணெயை ஸ்பூனில் அளந்து விட்டவர், மூன்றாவது மாதம் புட்டியிலிருந்தே சாய்க்கிறார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒன்று இரண்டாகும்போது பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கைநிறைய அள்ளும் கொட்டைகள், சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது எதுவும் கணக்கில் ஏறாது. மேலே சொன்ன 200 கலோரி இடைவெளியை விழுங்க இதுவே தாராளம்.

ஆக, இரண்டு வாரம் சமையலறைத் தராசில் எடைபோட்டு எழுதிப் பார்ப்பது அலுப்பான வேலைதான். ஆனால் இதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. இன்னும் குறைப்பதிலோ இழப்பு உண்டு: பசி, சிடுசிடுப்பு, தசை இழப்பு, பிறகு ஒரு நாள் அணை உடைந்தாற்போல் சாப்பிடுவது. அளந்து பார்த்த பிறகும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றால், 100, 150 கலோரி குறைக்கலாம். 1,200க்கே வந்துவிட்டவர் அதையும் 900 ஆக்கப் பார்ப்பது மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடியதே அல்ல.

ஓட்டமா, நடையா, எடைப் பயிற்சியா?

ஓட்டம் ஒரு மணி நேரத்தில் நிறைய எரிக்கும், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் உடம்பு, ஓடி முடித்த பிறகு மீதி நாள் முழுவதும் சிக்கனம் பிடிக்கிறது. லிஃப்ட் தேடும், உட்கார இடம் தேடும், ராத்திரி பசியைக் கிளப்பும். போதாக்குறைக்குக் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் '600 கலோரி' என்று ஆசை காட்டும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அந்த எண்ணை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களை என்ன சொல்ல!

நடை அவ்வளவு வீரமான விஷயம் இல்லை. ஆனால் பசியைப் பெரிதாகத் தூண்டாது, மூட்டைப் பதம் பார்க்காது, மறுநாளும் செய்யலாம். டயட்டில் இருக்கும்போது நம்மை அறியாமல் குறைவது இந்தச் சின்னச் சின்ன அசைவுகள்தான். போனில் பழைய மாதங்களின் ஸ்டெப்ஸ் கணக்கைத் திறந்து இப்போதைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கும் பதில் அங்கேயே இருக்கும். முன்பு 9,000 நடந்தவர் 6,000க்கு வந்திருந்தால், தட்டைத் தொடாமல் அந்த 3,000ஐ மீட்பதுதான் முதல் வேலை.

எடைப் பயிற்சியின் சங்கதி வேறு. அது எரிக்கும் கலோரி சொற்பம். மெஷினில் எண்ணை இறக்க அதை நம்பினால் ஏமாற்றம்தான். இறங்கும் எடை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அதன் பயன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களைக் கடுமையான டயட்டில் வைத்து, நான்கு வாரம் கடினப் பயிற்சி கொடுத்தார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையை ஏற்றிக்கொண்டார்கள். 1.2 கிராம் சாப்பிட்டவர்கள் இழந்த கொழுப்பு 3.5 கிலோ. முதல் கோஷ்டியில் இருந்த ஒருவர் மெஷினை மட்டும் பார்த்திருந்தால், தான் மெதுவாகத்தான் இறங்குகிறோம் என்று நொந்திருப்பார். 'எடை நிற்கிறது, ஆனால் பழைய பேன்ட் தொளதொளக்கிறது' என்பவர்களின் கதையும் இதுதான். அவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

என்னைக் கேட்டால் தேக்கத்தை உடைக்க நடை, மறுபடி ஏறாமல் காக்க எடைப் பயிற்சி. ஓட்டம், ஓடப் பிடித்தவர்களுக்கு.

டயட் பிரேக்கா, சீட் டேயா?

இரண்டும் ஒன்று போலத் தோன்றும். டயட் பிரேக் என்றால் ஒன்றிரண்டு வாரம், இப்போதைய எடையைத் தக்கவைக்கும் அளவுக்குக் கணக்காகச் சாப்பிடுவது. சீட் டே என்றால் ஒரு நாள், கணக்கே இல்லாமல்.

டயட் பிரேக்கின் புகழுக்குக் காரணம் ஆஸ்திரேலியாவில் நடந்த மட்டாடோர் ஆய்வு. உடற்பருமன் உள்ள ஆண்களில் ஒரு பகுதியினர் 16 வாரம் தொடர்ந்து டயட்டில் இருந்தார்கள். மற்றவர்கள் அதே 16 வாரத்தை, இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவெளி என்று பிரித்து 30 வாரத்தில் முடித்தார்கள். தொடர்ந்து இருந்தவர்கள் இழந்தது சராசரியாக 9.1 கிலோ, இடைவெளி விட்டவர்கள் 14.1 கிலோ. ஆனால் பிறகு எடைப் பயிற்சியில் பழகியவர்களை வைத்து 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில் கொழுப்பு இழப்பில் அந்த வித்தியாசம் வரவில்லை. இடைவெளி விட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது, அவ்வளவே. எனவே இதை மந்திரம் என்று நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் டயட்டில் இருந்து சலித்துப்போனவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதுவே பெரிய லாபம்.

பிரேக் எடுத்த முதல் சில நாளில் எடை ஒரு கிலோ ஏறும். கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பி வந்ததுதான், பதற வேண்டாம்.

சீட் டேக்கு ஆதரவாக என்னால் அதிகம் பேச முடியவில்லை. ஒரே நாளில் மெட்டபாலிசம் முடுக்கிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆறு நாளில் சேர்த்த 1,200 கலோரியை ஒரே இரவில் விட்டுவிடுவது மட்டும் உறுதி. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இது ஆபத்தும்கூட.

முறையையே மாற்றினால்?

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் (குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவது), லோ கார்ப் (மாவுச்சத்தைக் குறைப்பது) என்று தாவுவது இன்னொரு வழி. 2022இல் சீனாவில் 139 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வில், இரு பிரிவினருக்கும் கலோரி ஒரே அளவு. ஒரு பிரிவு மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டது. அந்தப் பிரிவில் 8.0 கிலோவும் மற்றதில் 6.3 கிலோவும் இறங்கின. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமாகத் தேறவில்லை. லோ கார்புக்கு மாறிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால், முன்பு சொன்ன தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நொறுக்குத்தீனிதான் உங்கள் பிரச்சினை என்றால் எட்டு மணி நேரக் கட்டுப்பாடு கைகொடுக்கும். மற்றபடி இது பழைய கணக்குக்குப் புதுச் சட்டை.

இதற்குப் பதிலாகத் தூக்கத்தை மாற்றிப் பார்க்கலாம். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஒரே ஆட்களை ஒரே டயட்டில் இரண்டு வாரம் 8.5 மணி நேரமும், இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இறங்கிய எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கொழுப்பில் போனது முதல் முறை 1.4 கிலோ, அடுத்த முறை வெறும் 0.6.

மருந்து

செமக்லூடைட் போன்ற ஊசிகள் பசியையே அடக்குவதால் வேறு மட்டத்தில் வேலை செய்கின்றன. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஆனால் அங்கும் சுமார் 60ஆவது வாரத்தில் எடை நின்றது. மருந்தை நிறுத்திய ஓராண்டில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. உடற்பருமனோடு சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம் இது. கடைசி நான்கு கிலோவுக்காகத் தேடிப் போகிற பொருள் இல்லை.

எந்த வரிசையில்?

முதலில் நான்கு வாரம் பார்ப்பது. அப்புறம் இரண்டு வாரம் அளப்பது. அதிலும் பிடிபடவில்லை என்றால் நடையும் தூக்கமும். மூன்று, நான்கு மாதமாக டயட்டில் இருப்பவர் என்றால் அதற்கு முன்பே ஒரு பிரேக். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் தட்டிலிருந்து இன்னும் 100 கலோரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று வாரமாவது விட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, யாரும் அதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை: இங்கேயே இருந்துவிடுவது. தொடக்க எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனிக்கத்தக்க அளவு மேம்படும். அந்த அளவைத் தொட்டு, அதை ஆறு மாதம் ஏறாமல் வைத்திருப்பவர் தோற்றவர் இல்லை. மீண்டும் இறங்க வேண்டுமா என்பதை அப்போது நிதானமாக முடிவு செய்யலாம்.

இந்த வரிசை எதுவும் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்றுபோனவர்கள், முடி கொத்தாகக் கொட்டுபவர்கள், எப்போதும் குளிர்கிறது என்பவர்கள், ஸ்டீராய்டோ சில மனநல மருந்துகளோ எடுத்துக்கொண்டிருக்கும்போது எடை நின்றவர்கள் தராசையும் டேப்பையும் வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு சோதனையும் அப்போதே செய்துகொள்ளலாம்.