4.49-ஆ, 4.50-ஆ? மேட்ச் பெல்லட் டப்பாவை நம்பலாமா?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கான ஈயக் குண்டுதான் மேட்ச் பெல்லட். அதன் டப்பாவில் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று எடை, இன்னொன்று தலையின் விட்டம். எடையில் குழப்பம் இல்லை. ஆர்.டபிள்யூ.எஸ். பிராண்டின் ஆர்10 மேட்ச் பெல்லட், ரைஃபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு 0.45 கிராம். எச் அண்ட் என் பிராண்டின் ஃபினாலே மேட்ச், ரைஃபிளுக்கு 0.53, பிஸ்டலுக்கு 0.49. ஆளைத் திணறடிப்பது இரண்டாவது எண்தான்: 4.49, 4.50, 4.51. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குத் தனித்தனி டப்பாவா, இது வியாபாரத் தந்திரம்தானே என்று தோன்றும். தந்திரம் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தே வாங்கிவிடலாம் என்பதும் இல்லை.

பெல்லட்டின் தலை பேரலின் உள்வரிகளில் லேசாகப் பதிந்தால் போதும். காற்றை அடைப்பது பின்பக்கம் பாவாடைபோல் விரிந்த ஸ்கர்ட்டின் வேலை. தலை சிறுத்தால் பெல்லட் உள்ளே நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து கிளம்பும். பெருத்தால் ஏற்றும்போதே ஈயம் வழிக்கப்படும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழுத்தத்தில் உட்காரும். பேரல்களின் உள்விட்டம் ஒரே மாடலில்கூடக் கொஞ்சம் மாறும். அதனால் பக்கத்து லேனில் ஒருவருக்கு 4.50 அருமையாகப் போகிறது என்றால் அது அவருடைய பேரலுக்கான செய்தி மட்டுமே.

தலை அளவைவிட முக்கியமானது டப்பாவில் அச்சிட்டிருக்கும் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுப்பின் எண். பெல்லட் அச்சுகள் தேயும், தேய்ந்தால் மாற்றுவார்கள். இந்த லாட்டின் 4.50-ம் அடுத்த லாட்டின் 4.50-ம் ஒரே மாதிரி சுடும் என்று எந்த உறுதியும் இல்லை. "எந்த பிராண்ட் நல்லது?" என்ற கேள்வியே பாதி தப்பு. எந்த லாட், எந்த பேரலில் என்றுதான் கேட்க வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்துத் தலையை அளந்து கண்டுபிடிக்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். மெத்தென்ற ஈயம், தாடை பட்டதுமே அமுங்கும். வேண்டாத வேலை.

சுட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. தோளில் வைத்துச் சுட்டால் சோதனையாவது ஆள், பெல்லட் அல்ல. தோளில் பதியும் ஸ்டாக்கைக் கழற்றி, சுடும் பொறியான ஆக்‌ஷனை மட்டும் கனமான வைஸில் பிடிக்க வேண்டும். பேரலையோ ஏர் சிலிண்டரையோ பிடித்தால் குரூப் (பல சுட்டுகளின் துளைக் கூட்டம்) கெட்டுப்போகும், பெல்லட் மேல் பழி விழும். சிலிண்டரை 200 பாரில் நிரப்பித் தொடங்கி, கேஜ் கீழ் எல்லையை நெருங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். குரோனோகிராஃப் இருந்தால் வேகத்தையும் பாருங்கள். 0.53 கிராம் பெல்லட்டுக்கு நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி இருக்கும். பத்துச் சுட்டில் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் முதலில் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும். அதுவரை அந்த ரைஃபிளில் எந்தப் பெல்லட்டைச் சோதித்தும் பயனில்லை.

பெல்லட் மாற்றும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய ஈயமும் எண்ணெய்ப் பூச்சும் பேரலில் மிச்சம் இருக்கும். பிறகு பத்துச் சுட்டு ஒரு குரூப், ஒவ்வொரு குரூப்புக்கும் புது அட்டை. ஐந்து சுட்டுக் குரூப் ஏமாற்றும். சுமாரான லாட்டும் ஐந்தில் ஒரே துளை போட்டுக் காட்டும், பத்தில் குணம் தெரிந்துவிடும். ஒரே லாட்டின் எல்லா குரூப்பையும் ஒரே மூச்சில் முடிக்காமல், லாட்டுகளை மாற்றி மாற்றிச் சுடுவது நல்லது. இல்லாவிட்டால் மாலைக் குளிரில் சுட்ட லாட்டுக்கும் மதியச் சூட்டில் சுட்ட லாட்டுக்கும் அநியாயமான போட்டி.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்டை கொஞ்சம் சுருங்கிக்கொள்வதால் துளை 4.5 மி.மீ.க்குக் குறைவாகவே தெரியும். அதைச் சுற்றி ஈயம் உரசிய கறுப்பு வளையம் இருக்கும். வெர்னியரின் தாடையை அந்த வளையத்தின் வெளி ஓரத்துக்கு வைக்க வேண்டும், கிழிந்த ஓரத்துக்கு அல்ல. வெளியிலிருந்து வெளிக்கு 5.5 மி.மீ. வந்தால், 4.5-ஐக் கழித்துவிட்டு மையத்திலிருந்து மையத்துக்கு 1 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். அது நல்ல லாட். 6.5-ஐத் தாண்டினால் போட்டிக்கு வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சுட்டுக்கு 10.9 வரை தரும் தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1-ம் மையத்திலிருந்து 0.25 மி.மீ. சுட்டு சராசரியாக 1.3 மி.மீ. விலகிப் போகிறவர் சுமார் 10.4 எடுப்பார். பெல்லட்டின் சொந்தச் சிதறல் சராசரி 0.6 மி.மீ.யிலிருந்து 0.4-க்கு இறங்கினால், இரண்டு சிதறலும் வர்க்கமாகத்தான் கூடும் என்பதால், மொத்த விலகல் 0.08 மி.மீ. அளவுக்கே குறையும். 60 சுட்டில் இரண்டு புள்ளிக்குச் சற்றுக் கீழ். இறுதிச் சுற்றுக்குள் போவதா வெளியே நிற்பதா என்பதே அந்த இரண்டு புள்ளியில் முடிவாகும். 3 மி.மீ. விலகிச் சுடுகிற புதியவருக்கோ அதே லாட்டால் கிடைப்பது 60 சுட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருக்கு ஆர்10-ஐவிட ஒரு படி கீழே உள்ள மைஸ்டர்குகெல்ன் தாராளம். மிச்சப் பணத்தில் கூடுதலாகப் பயிற்சி செய்யலாம்.

வாங்கிய லாட் நல்லதாக இருந்தாலும் டப்பாவுக்குள் சில சொத்தை இருக்கும், முக்கியமாகக் கொட்டி அடைத்த டப்பாக்களில். குலுங்கி உரசியதில் ஸ்கர்ட் ஓரம் நசுங்கியிருக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு பெல்லட்டை உருட்டி விட்டால், ஸ்கர்ட் தலையைவிட அகலம் என்பதால், வட்டமாக வளைந்து ஓடும். நல்லது சீராக வளையும். நசுங்கியது நடுவில் தத்தி, தடம் மாறும். போட்டிக்கு முந்தைய நாள் நூறு பெல்லட்டை இப்படி உருட்டிப் பொறுக்க இருபது நிமிடம் போதும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் பிரிப்பவர்களும் உண்டு. எடை வித்தியாசத்தைவிட நசுங்கிய ஸ்கர்ட்தான் அதிகம் கெடுக்கும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம்.

நல்ல லாட் கிடைத்தால் ஒரு டப்பாவோடு நிற்காதீர்கள். 500 பெல்லட், சரிபார்க்கும் சுட்டுகளையும் சேர்த்து ஒரு போட்டிக்கு எண்பது என்று வைத்தால், ஆறு போட்டியில் காலி. அதற்குள் அந்த லாட்டும் கடையில் தீர்ந்திருக்கும்.