மாடித் தோட்டத்துக்கு வாங்கிய மீன் அமிலம்

எங்கள் பகுதி இயற்கை அங்காடியில் அரை லிட்டர் மீன் அமிலம் வாங்கினேன். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடையில் போட்டு ஊறவைத்த சாறு. சரியாக நொதித்திருந்தால் பழ வாடைதான் வரும். இதில் அப்படித்தான் வந்தது, கவிச்சி இல்லை.

லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்தபின் கத்தரிக்கும் வெண்டைக்கும் தெளிக்கிறேன். தளிர் நல்ல பச்சையாக, அகலமாக விடுகிறது. பூ பிடிக்க இதை நம்ப வேண்டாம். இதில் தழைச்சத்துதான் அதிகம். பூவுக்கு, தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசலே மேல்.

குறை? சரியாக வடிகட்டாமல் அடைத்திருக்கிறார்கள். தெளிப்பான் முனை அடைத்துக்கொள்கிறது; பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால்தான் ஆகிறது. இறுக்கி மூடி வெயிலில் வைத்தால் பாட்டில் உப்பிவிடும், அதைப் பற்றி லேபிளில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம், தெருவில் பூனைகள் அதிகம் என்றால் யோசித்து வாங்குங்கள்.