'அனோ'வை முறையாகச் சொல்லித் தரும் ஒரு தகலோக் வகுப்பு

மணிலாவுக்கு வேலைக்கு வந்து, மீட்டிங் வரைக்கும் ஆங்கிலத்தில் சமாளித்துவிட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்றும் புரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மணிலாவை ஒட்டிய மக்காத்தி நகரில் ஒரு சின்ன நிலையம், ஒரு ஆளுக்கு ஒரு டீச்சர் என்று மணிலாப் பக்கத்து மொழியான தகலோக்கைப் பேச்சு வழக்கில் சொல்லித் தருகிறார்கள். மணிக்கு 500 பேசோ, சில வகுப்பு ஆன்லைனில், சிலது நேரில். குறைகளும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. எந்த இடத்தில் சேர்ந்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மற்ற இடங்களில் 'குமுஸ்தா கா', 'மபூத்தி நமான்' என்று நலம் விசாரிப்பதில் தொடங்கி, எண்கள், கிழமைகள், பழங்களின் பெயர்கள் என்று போவார்கள். இங்கே எடுத்த எடுப்பிலேயே அனோ, கசி, பராங், தி பா, பாலே, கும்பகா. பேச்சுக்கு நடுவே சும்மா வந்து விழும் சொற்கள். அகராதியில் இவற்றுக்குப் பொருள் இருக்கிறது, ஆனால் பேசுகிறவர் பாதி நேரம் அந்தப் பொருளில் சொல்வதில்லை. புதிதாகக் கேட்கிற நாம் ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடிக்கொண்டே நிற்போம், அதற்குள் பேச்சு நாலு வாக்கியம் தாண்டிப் போயிருக்கும். இந்த இடத்தைப் பிடித்துப் பாடமாக்கியதற்கே இவர்களைப் பாராட்ட வேண்டும்.

'அனோ' என்றால் 'என்ன' என்று அர்த்தம். சரி, அதோடு முடியுமா? நீட்டி 'அனோ...' என்றால் யோசிக்கிறார், குறுக்கே பேசக் கூடாது. பெரியவர் சொன்னது காதில் விழாவிட்டால் மரியாதையோடு 'அனோ போ?' என்று கேட்கலாம். வாக்கியத்தின் கடைசியில் அது 'நோ' என்று சுருங்கிவிடும். 'ஆங் இனித், நோ?' என்றால் 'சூடா இருக்கு, இல்ல?' அவ்வளவுதான், ஆங்கில 'நோ' என்று நினைத்து மறுத்துப் பேசத் தேவையில்லை. ஆளின் பெயர் மறந்துபோனால் 'சி அனோ', அந்த ஆளுக்கு என்றால் 'காய் அனோ', ஏதோ ஓர் இடத்தில் என்றால் 'சா அனோ'. பெயர்தான் ஞாபகத்தில் இல்லை, இலக்கணம் பத்திரமாக இருக்கிறது. நாமும் 'அந்த இவர்கிட்ட அந்த இதைக் குடுத்துட்டு வா' என்கிறோமே, அதேதான்.

இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது நேரில் நடக்கும் பாடம். குவாதலூப்பே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிந்தெரியாவுக்கு, அதாவது சமைத்த குழம்பு கறியெல்லாம் வரிசையாக வைத்து விற்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு, டீச்சர் கூட்டிக்கொண்டு போனார். சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் பாடம். கடைக்கார அம்மா கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், உதவிக்கு நின்ற பையனிடம் சொன்னார்: 'பகியனோ மோ ங்கா யுங் அனோ, பகா ம-அனோ.' நம் பேச்சில், 'அந்த இதைக் கொஞ்சம் இது பண்ணு, இதாகிடப் போகுது.' பையன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மூடியை எடுத்து அடோபோ (வினிகரும் சோயா சாஸும் சேர்த்துச் சமைத்த கறி) தட்டின் மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

டீச்சர் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அன்றைய மீதி நேரத்தை நடத்தினார். 'பகி' என்று முன்னால் வந்தால் வேண்டுகோள். 'யுங்' என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்த அந்தப் பொருள். 'பகா' என்றால் அப்படி ஆகிவிடப் போகிறதே என்ற கவலை. 'ம' வந்தால் யாரும் வேண்டுமென்று செய்யாமல் தானாக நடந்துவிடுவது. மூன்று இடத்திலும் சொல் 'அனோ'தான், அதனால் கண் முழுக்க முன்னொட்டின் மேல் போகிறது. தகலோக் வினைச்சொல்லில் நம்மைத் திணற வைப்பதே இந்த ஒட்டுகள்தான். புத்தகத்தில் அட்டவணையாகப் போட்டால் தூக்கம் வரும், இங்கே அடோபோ தட்டோடு சேர்ந்து மனசில் நின்றுவிட்டது.

'கசி'யும் நன்றாகச் சொல்லித் தந்தார்கள். பொருள் 'ஏனென்றால்'. ஆனால் 'இகாவ் கசி!' என்று யாராவது சொன்னால் காரணம் எதுவும் பின்னால் வராது, 'எல்லாம் உன்னால்தான்' என்று அங்கேயே முடிந்துவிடும். குரலைப் பொறுத்து அது செல்லச் சிணுங்கலாகவும் இருக்கும், நிஜக் கோபமாகவும் இருக்கும். 'பாலே'யைக் கடைகளில் கேட்கலாம், கணக்குக் கூட்டி முடித்ததும் 'பாலே, 250 போ லஹாத்', 'ஆக மொத்தம் 250ங்க' என்பது மாதிரி. கதை சொல்லி முடிக்கிறவர் 'சோ, அயுன்' என்று இழுத்தால் அவ்வளவுதான், அடுத்தவர் பேசலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் எந்த இடத்தில் வாய் திறக்கலாம் என்பது தெரிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

இனி குறைகள். 'அனோ'வை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயங்களுக்கும் இங்கே பயன்படுத்துகிறார்கள், உடலுறவுக்கும் உடல் உறுப்புக்கும்கூட. இதை டீச்சர் சொல்லவே இல்லை. பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கூச்சப்படாமல் இதைச் சொல்ல வேண்டும், தெரியாமல் சொல்லிவிட்டு மற்றவர்கள் சிரிக்க நாம் விழிக்கக் கூடாது. அதே போல 'சொர்வா', 'கெமே', 'சாரோத்' என்று பக்லா மக்களின், அதாவது தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், திருநங்கைகளின், பேச்சிலிருந்து ஊர் முழுக்கப் பரவிய சொற்களுக்கு ஒரு தாள் தந்தார்கள். அழகான சொற்கள்தான், ஆனால் நண்பர்களோடு பேசும்போது சரி, வங்கி மேலாளரிடம் வேண்டாம் என்று ஒரு வரியாவது அதில் இருந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவுகளுக்கு எழுத்து வடிவமும் கிடையாது. ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளின் சத்தத்துக்கு நடுவே பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டும் சில இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பை ரத்து செய்தால் வேறு நேரம் தருகிறார்கள், ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இன்னொன்று. விளம்பரத்தில் 'பிலிப்பினோ' என்று போட்டிருக்கிறார்கள். 1987 அரசியல் சட்டப்படி தேசிய மொழியின் பெயர் அதுதான், ஆனால் இவர்கள் தருவது மணிலாப் பேச்சு. தெற்கே இருக்கும் செபு, தாவாவோ நகரங்களில் வீட்டிலும் தெருவிலும் பிசாயா என்கிற வேறு மொழிதான், அங்கே 'அனோ' இருக்கும் இடத்தில் 'குவான்' வரும். தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க தாவாவோ போகும் பிள்ளைகள் நிறைய. நோயாளி 'குவான்... குவான்...' என்று வலிக்கிற இடத்தைச் சொல்லத் தடுமாறும்போது இந்த வகுப்பு முழுதாகக் கைகொடுக்காது. அவர்கள் பிசாயா டீச்சரைத் தேடுவதே நல்லது.

சேருகிறவர்கள் முதல் நாளே இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நேரில் நடக்கும் வகுப்பு எத்தனை என்று எழுத்தில். இரண்டு, கரிந்தெரியா பாடத்தை மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டால் டீச்சர் பேசுவதே காதில் விழாது.