இடுப்புத்தளத் தசைக்கான கருவிகள்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

இருமலும் சளியும் விடாமல் படுத்திய ஒரு மழைக்காலத்தில்தான் இந்தக் கருவியை வாங்கும் முடிவுக்கு வந்தேன். இரண்டாவது பிரசவம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பலமாகத் தும்மினாலோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாலோ சில சொட்டுச் சிறுநீர் கசிவது வழக்கமாகியிருந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னபோது, “பிள்ளை பெத்த உடம்புக்கு இதெல்லாம் சகஜம்” என்று முடித்துவிட்டார்கள். சகஜம்தான், ஆனால் தீராதது அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கும் தசைகளையே இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அந்தத் தூளிதான் தாங்குகிறது. பிரசவம், மாதவிடாய் நிற்கும் பருவம், ஓயாத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் ஆகியவை அதைத் தளர்த்துகின்றன. ஆண்களுக்கும் இதே தசை உண்டு என்பதும், புராஸ்டேட் சுரப்பி அகற்றப்பட்டவர்களுக்கு இதே பயிற்சி கற்பிக்கப்படுகிறது என்பதும் பலர் அறியாத செய்தி.

நான் இணையத்தில் வாங்கியது கைப்பேசிச் செயலியோடு இணையும் பயிற்சிக் கருவி. விலை ஏறத்தாழ 12,000 ரூபாய். கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த, மிருதுவான சிலிகான் உறை போட்ட உருண்டை அது. நீர் சார்ந்த ஜெல் தடவி யோனிக்குள் வைத்துக்கொண்டு தசையைச் சுருக்கினால், கருவி அழுத்தத்தை உணர்ந்து திரையில் ஒரு பந்தை மேலே தூக்கிக் காட்டும். கழுவுவது எளிது, ஒருமுறை சார்ஜ் செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியது, ஒரு நாள் பயிற்சி ஐந்தே நிமிடம். வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தை வளையத்துக்குள் ஏற்றும் ஆசையில், சோம்பேறியான நான் 18 நாட்கள் தவறாமல் பயிற்சி செய்தேன் என்பதையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆனால் மதிப்பெண் ஏற ஏறக் கசிவும் கூடியது. செயலி என்னை மூன்றாம் நிலைக்கு உயர்த்தி வாழ்த்துச் சொன்ன அதே வாரத்தில், பேருந்தைப் பிடிக்க ஓடியபோது உடையே நனைந்துவிட்டது. அதன்பிறகுதான் மகளிர் நலப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சென்றேன். கட்டணம் ஒருமுறைக்கு 800 ரூபாய். அனுமதி கேட்டுக்கொண்டு, கையுறை அணிந்த ஒற்றை விரலால் பரிசோதித்தபடி, “வீட்டில் செய்வது போலவே செய்யுங்கள்” என்றார். செய்தேன். அரை நிமிடத்துக்குள் சிரித்துவிட்டு, “நீங்கள் சுருக்கவே இல்லைங்க, முக்குறீங்க” என்றார்.

நடந்தது இதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றிலிருந்து கீழ்நோக்கி முக்கினாலும் யோனிக்குள் அழுத்தம் கூடும். என் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தம் மட்டுமே. அது மேலே தூக்கிய தசையிலிருந்து வந்ததா, கீழே தள்ளிய வயிற்றிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே 18 நாட்களாகத் தூளியைக் கட்டுவதாக நினைத்துக்கொண்டு அதன் முடிச்சை நானே இழுத்துத் தளர்த்திக்கொண்டிருந்தேன். திசையையும் உணரக்கூடியவை என்று விற்கப்படும் கருவிகள் இருக்கின்றன; நான் வாங்கியது அந்த வகை அல்ல, பெட்டியின் மேல் அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், வாய்மொழி விளக்கத்தை மட்டும் கேட்டுச் செய்த 47 பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேரே சரியாகச் சுருக்கினார்கள். நால்வரில் ஒருவர் செய்த முறையோ கசிவை வளர்க்கக்கூடியதாக இருந்தது. பயிற்சிக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய கட்டுரையிலேயே, அழுத்தமானியோடு இணைத்த பெரினியோமீட்டர் என்ற கருவியும் இடம்பெற்றிருந்தது. என் செயலிக் கருவி அதன் பேத்தி. இந்தப் பயிற்சியோடு கருவியும் பிறந்துவிட்டது என்பதால் கருவியே வீண் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. முதலில் தசை எது என்று அடையாளம் காட்ட ஒரு மனிதர் தேவைப்படுகிறார், அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த முறையில் ஒரு கை அடிவயிற்றின் மேல் இருக்கும். மூச்சை விட்டுக்கொண்டே, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் பின்னாலிருந்து தொடங்கி, சிறுநீரை அடக்குவதுபோல் முன்னால் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போது கைக்குக் கீழே வயிறு புடைக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. பிடித்த நேரம் அளவுக்குத் தளர்த்தவும் வேண்டும். ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். பிரிட்டனின் 2019 மருத்துவ வழிகாட்டியும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. கழிப்பறையில் சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றார். யோகாசன வகுப்பில் மூலபந்தம் கற்றவர்களுக்கு இந்த இழுப்பு ஓரளவு பரிச்சயமாக இருக்கும்.

முதல் நாள் என் தசைக்கு அவர் தந்த மதிப்பு ஐந்துக்கு இரண்டு. மூன்றாம் மாத முடிவில் நான்கு. தும்மல் வரும்போது அதற்கு ஒரு கணம் முன்பே தசையை இறுக்கிக்கொள்ளும் உத்திதான் எல்லாவற்றிலும் விரைவாகப் பயன் தந்தது. இரண்டாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

இடையில் எடைக் கூம்புகளையும் முயன்றேன். ஐந்து எடைகள் கொண்ட பெட்டி 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. கூம்பை உள்ளே வைத்துக்கொண்டு 15 நிமிடம் நடமாட வேண்டும். நழுவப் பார்க்கும்போது தசை தானாக இறுகும் என்பதே அதன் தத்துவம். இட்லி மாவு அரைக்கும் நேரத்தில் செய்துபார்த்தேன். தசை இறுகியதைவிட என் தொடைகள் இறுகியதே அதிகம். மின்தூண்டல் கருவியை மருத்துவகத்தில் ஒரே ஒரு முறை வைத்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு, பிறகு தசை தானாகச் சுருங்கியது. சொந்த முயற்சியில் தசையை அசைக்கவே முடியாதவர்களுக்கு அது பொருந்தும், எனக்குத் தேவையில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதன் பக்கம் போகக் கூடாது.

கசிவுள்ள பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வறிக்கை, இருமும்போதும் தும்மும்போதும் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தோரில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள் என்றும், செய்யாதோரில் அது 6 விழுக்காடு மட்டுமே என்றும் கூறுகிறது. பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பயிற்சியாளரின் மேற்பார்வையோடு தசையின் மின்சைகையை அளந்து காட்டும் கருவியையும் பயன்படுத்தியோருக்கும், மேற்பார்வையில் பயிற்சி மட்டும் செய்தோருக்கும் இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் தென்படவில்லை. என் 12,000 ரூபாயை நினைத்துப் பெருமூச்சு விட்ட இடம் அது.

வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் கணிப்பு இது: முதலில் இரண்டு மூன்று முறை பிசியோதெரபிஸ்ட்டிடம் சென்று தசையை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, தினமும் செய்ய மனம் வணங்காதவர் என்றால் மட்டும், திசை உணரும் செயலிக் கருவியை நினைவூட்டும் துணையாக வாங்கலாம். இடுப்பில் வலி, உறவின்போது வலி, அல்லது ஏதோ கீழே இறங்கி நிற்பதுபோன்ற உணர்வு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்கும் முன் எதையும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே இறுகிப்போன தசையை மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். பெட்டியைப் பிரித்துவிட்டால் சுகாதாரக் காரணத்தால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, இரவல் கொடுக்கக்கூடிய பொருளும் அல்ல என்பதால், என்னுடையது இப்போது பீரோவின் மேல்தட்டில், சார்ஜ் இறங்கிய நிலையில் இருக்கிறது.