முழு பிட்டும் பின்ன பிட்டும்: ஹஃப்மன் முறையும் அதன் போட்டியாளர்களும்

தரவைச் சுருக்கும்போது, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய பிட் குறியீடும் (0, 1 ஆகியவற்றின் வரிசை) அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் தர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நீளத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. ஷானன்-ஃபானோ முறை எழுத்துகளின் பட்டியலை மேலிருந்து இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகிறது. எம்.ஐ.டி.யில் ஃபானோவிடமே பயின்ற டேவிட் ஹஃப்மனோ, மிக அரிதான இரண்டை முதலில் இணைத்து, கீழிருந்து மரத்தைக் கட்டும் வழியைக் கண்டு 1952இல் வெளியிட்டார். ஐந்து எழுத்துகள் முறையே 15, 7, 6, 6, 5 முறை வரும் செய்திக்கு முன்னது 89 பிட் கேட்கிறது, பின்னது 87 பிட்டில் முடிக்கிறது. இரண்டே பிட்தான் என்றாலும், எழுத்துக்கு எழுத்து குறியீடு தரும் முறைகளில் ஹஃப்மனை விஞ்ச முடியாது என்பது நிரூபிக்கப்பட்டிருப்பதால், ஷானன்-ஃபானோவை இங்கேயே விட்டுவிடலாம்.

அந்த நிரூபணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வோர் எழுத்தும் முழு எண்ணிக்கையில் பிட்டுகளைப் பெற வேண்டும். 90 சதவீதம் வெள்ளை, 10 சதவீதம் கறுப்பு எனப் புள்ளிகள் ஒன்றையொன்று சாராமல் வரும் படத்துக்குக் கோட்பாட்டளவில் புள்ளிக்கு 0.469 பிட் போதும். ஹஃப்மனோ 1 பிட்டுக்குக் கீழே இறங்க முடியாமல் நிற்கிறது, அதாவது சுருக்கமே நிகழவில்லை. புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 0.645, மும்மூன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழ 0.533 என்று இறங்கலாம். ஆனால் அட்டவணை ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். 1976இல் ரிஸானனும் பாஸ்கோவும் தனித்தனியே முன்வைத்த எண்கணிதக் குறியாக்கம், செய்தி முழுவதையும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரே இடைவெளியாகக் குறுக்குவதால், பின்ன பிட்டுகளை இயல்பாகவே கையாள்கிறது.

அப்படியிருந்தும் அது உடனே பரவாததற்குக் கணக்கீட்டுச் சுமையோடு காப்புரிமையும் காரணம். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான பிஸிப் எண்கணித முறையைப் பயன்படுத்தியது. அதன் வழிவந்த பிஸிப்2 ஹஃப்மனுக்குத் திரும்பியது. ஜேபெக் படத் தரத்தில் இரண்டுக்கும் இடமிருந்தும், நாம் அன்றாடம் காணும் படங்களில் ஹஃப்மனே இருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் விலைபெறும் வீடியோவில் நிலைமை வேறு: எச்.264 என்ற வீடியோ தரத்தில் விருப்பத் தேர்வாக இருந்த எண்கணித முறை, அதற்குப் பின்வந்த எச்.265இல் ஒரே வழியாகிவிட்டது.

யாரெக் டூடா உருவாக்கிய ஏ.என்.எஸ். (asymmetric numeral systems) என்ற குறியாக்க முறை எண்கணிதக் குறியாக்கத்தின் செறிவை அட்டவணைத் தேடலின் வேகத்தோடு தருகிறது. அதைக் கையிலெடுத்த இசட்-ஸ்டாண்டர்ட் என்ற சுருக்க மென்பொருளும், முன்பே வந்த பகுதி மீண்டும் வரும்போது அதன் நீளம், அது எவ்வளவு தொலைவில் இருந்தது போன்ற ஒருபக்கம் சாய்ந்த தரவுகளுக்கே அதைப் பயன்படுத்திவிட்டு, அப்படி மீண்டும் வராத சாதாரண பைட்டுகளை வேகம் கருதி ஹஃப்மனிடம் ஒப்படைக்கிறது. ஒரே கோப்புக்குள் இரண்டையும் வைத்த இந்தப் பங்கீடே எனக்கு மிகச் சரியாகத் தோன்றுகிறது.